இரண்டாம் பாகத்தின் முதல் காட்சி

செவ்வாய்க்கிழமை மதியம் மூன்று மணிக்கு அவள் பல் வைத்தியரிடமிருந்து எடிட்டிங் அறைக்குத் திரும்பியபோது, அவளுடைய நாற்காலியில் அண்ணன் உட்கார்ந்திருந்தார்.

அந்த நாற்காலியில் வேறு யாரும் உட்காருவதில்லை. முதுகுவலிக்காக அவள் தன் உயரத்துக்கு இறக்கி வைத்திருந்தது. அண்ணன் நெடிய மனிதர். முழங்கால் மேஜையில் இடிக்க, திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் சோபாவில் தயாரிப்பாளர், செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை மடித்துச் சாய்ந்திருந்தார்.

"வாங்க கத்திரி. பல்லைப் பிடுங்கியாச்சா? இனிமே கடிக்க மாட்டீங்கல்ல?" என்றார் தயாரிப்பாளர்.

தொழிலில் அவளுக்குக் கத்திரி என்றுதான் பெயர். எடிட்டர் என்பதால் பாதி, வாயால் மீதி. இன்று ஒரு பக்கக் கன்னம் மரத்துக் கிடந்தது. அவள் சிரிக்கவில்லை.

திரையில் முதல் படத்தின் கடைசிக் காட்சி ஓடியது. இருபது வருடத்துக்கு முன் அண்ணன் இயக்கி, அவள் வெட்டிய படம். ஒரு பெண் கணவன் வீட்டை விட்டு வெளியேறுகிறாள். கேட்டைச் சாத்துகிறாள். தெருவில் நடக்கிறாள். முதுகு மட்டும் தெரிகிறது. திரும்பிப் பார்ப்பதில்லை. தெருமுனை வருவதற்குள் திரை இருண்டுவிடும். அந்த முதுகைப் பார்த்துத் தியேட்டரில் சிலர் கைதட்டினார்கள். சிலர் வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். சிலர் வீட்டுக்குப் போகும் வழியிலேயே சண்டையை ஆரம்பித்தார்கள்.

இப்போது திரை இருளவில்லை. பெண் நின்றாள். திரும்பினாள். கண்கள் விரிந்தன. வாய் லேசாகத் திறந்தது. ஒரு கை முன்னால் நீண்டது. உடனே ஜன்னலில் கணவனின் முகம். அது போன மாதம் எடுத்தது. கணினியில் வயதைக் குறைத்திருந்தார்கள். அவன் கன்னத்தில் ஒரு சொட்டுக் கண்ணீர். அடியில் வயலின்.

"எப்படி?" என்றார் அண்ணன், திரும்பாமல்.

"இந்த ஷாட் எங்கேர்ந்து வந்துச்சு?"

"உன் டிஸ்க்லேர்ந்துதான். நீதான் என்.ஜி. ஒண்ணையும் தூக்கிப் போட மாட்டியே."

வேண்டாம் என்று ஒதுக்கிய டேக்குகளுக்குத்தான் என்.ஜி. என்று பெயர். படம் வெளியானதும் மற்ற எடிட்டர்கள் அவற்றைத் தலைமுழுகிவிடுவார்கள். அவள் அந்தப் படத்தின் பிலிம் முழுவதையும் பத்திரப்படுத்தி, பிறகு டிஸ்க்கில் ஏற்றி வைத்திருந்தாள். அந்தப் புத்தியை நினைத்துத் தன்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

"இது மூணாவது டேக்."

"ஆமா. அபாரமான டேக். அன்னிக்கு நமக்குக் கண்ணு தெரியல."

அவள் அண்ணனின் தோளுக்கு மேலே கையை நீட்டி வயலினை அணைத்தாள். ஷாட்டோடு பதிவான ஒலியை அண்ணன் ஊமையாக்கி வைத்திருந்தார். அதை ஏற்றி மறுபடி ஓட்டினாள்.

செருப்புச் சத்தம். தூரத்தில் ஒரு நாய். பிறகு இரும்பு சரிந்து விழும் ஓசை, ஓர் ஆளின் அலறல், "லைட்டை ஆஃப் பண்ணு, ஆஃப் பண்ணு!" என்று யாரோ கத்துவது. பெண் நின்றாள். திரும்பினாள்.

தயாரிப்பாளர் காலைக் கீழே இறக்கினார். "அய்யய்யோ. யாரும்மா அது?"

"லைட்மேன். ஏணியிலேர்ந்து விழுந்தாரு, எரியுற விளக்கோட. அந்தம்மா அவரைத்தான் பாக்குறாங்க. புருஷனை இல்ல."

"உயிரோட இருக்காரா?"

"இருக்காரு. ஒரு கை மடங்காது."

"அப்ப சரி, பயந்தே போயிட்டேன்." அவர் மறுபடி சாய்ந்தார். "சத்தத்தை எடுத்துட்டா யாருக்குத் தெரியப்போகுது? முகத்தைப் பாருங்க. பாசம், தவிப்பு எல்லாம் கொட்டுது. கேட்டா வருமா இது? முதல் பாகம் பாத்த அத்தனை பேரும் ஒண்ணைத்தான் கேட்டாங்க. அப்புறம் என்ன ஆச்சு? அதுக்குத்தான் ரெண்டாம் பாகம்."

"கேட்டுக்கிட்டே இருக்கட்டும்னுதான் அங்க வெட்டினோம்."

"இருபது வருஷம் கேட்டாச்சு தாயே. வாய் வலிக்காதா?"

அவள் அண்ணனைப் பார்த்தாள். "நான் படிச்ச கதையில அவ திரும்பி வரவே மாட்டாளே. தனியாக் கடை வெச்சிருப்பா. மக கல்யாணத்துக்குக் கூட அந்த ஆளைக் கூப்பிட மாட்டா."

"கொஞ்சம் மாத்தியிருக்கோம்," என்றார் அண்ணன். "ஞாயித்துக்கிழமை எடுத்தோம். நீயே பாரு."

போட்டுக் காட்டினார். அதே நடிகை, இப்போது நரைத்த தலை. படுத்த படுக்கையாகக் கிடக்கும் கணவனின் கால்மாட்டில் மண்டியிடுகிறாள். "வீட்டை விட்டுப் போனது என் தப்புங்க," என்கிறாள். கணவனின் கை எழுந்து அவள் தலையில் விழுகிறது.

தயாரிப்பாளரின் போன் அடித்தது. "மேடம் கண்ணு கலங்குது பாருங்க, படம் ஓடிடும்," என்று சொல்லிக்கொண்டே செருப்பை மாட்டி வெளியே போனார்.

கலங்கியது கோபத்தில். படத்தில் வரும் அந்தப் பெண் யார் என்று மிஞ்சிய இரண்டு பேருக்கும் தெரியும். படம் எடுத்ததற்கு முந்தைய வருடம், நான்கு வயது மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு வந்து நின்றவள் அவள்தான். சமையலறையில் உட்கார்ந்து, "அந்த வீட்டுல எனக்குன்னு ஒரு சாவிகூட இல்லண்ணா," என்றாள். அண்ணன் புத்தி சொல்லவில்லை. மாடி அறையை ஒழித்துக் கொடுத்தார். அவள் சொன்னது படத்தில் வசனமானது. எங்கெங்கோ முன்பின் தெரியாத பெண்கள், அவள் யாரென்று அறியாமல், அவளிடமே அதை ஒப்பித்தார்கள். அவள் வாயைத் திறந்ததில்லை. உள்ளுக்குள் பெருமை.

"இந்த வசனம் யார் எழுதினது?"

"ரைட்டர்தான்."

"காதுல பூ சுத்தாத. ரைட்டர் எழுதினா அழுகைக்கு அஞ்சு வரி இருக்கும். ஒரே வரில முடிக்கிறவன் நீ."

அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "படம் வேற, வாழ்க்கை வேற. எல்லாத்தையும் இழுத்து உன் மேல போட்டுக்காத."

"முதல் படத்துக்கு மேடை ஏறி, இது என் தங்கச்சி கதைன்னு மைக்ல சொன்னியே, அப்ப ரெண்டும் ஒண்ணா இருந்துச்சா?" மரத்த உதட்டில் வார்த்தைகள் குழறின. எச்சில் தெறித்தது. அவள் துடைத்துக்கொள்ளவில்லை. "அந்தப் படத்துல என்னை எடுத்துக்கிட்ட. கேக்காம எடுத்துக்கிட்ட. போகட்டும்னு விட்டேன், ஏன்னா நீ எடுத்தது உண்மை. இதுல என்னைக் கொண்டுபோய் அந்த ஆள் கால்ல போட்டிருக்க. அதுக்கு என் டிஸ்க், என் ஷாட், என் கையி!"

"ஜனங்க குடும்பமா வந்து பாக்கணும்மா."

"அன்னிக்கும் குடும்பமாத்தான் வந்தாங்க."

அவள் டிஸ்க்கின் ஒயரைப் பிடுங்கினாள். திரை கறுத்தது. டிஸ்க்கைத் தூக்கிக் கைப்பைக்குள் போட்டாள்.

"அதோட இன்னொரு காப்பி ஆபீஸ்ல இருக்கு," என்றார் அண்ணன், மெதுவாக.

அவள் கை பைக்குள்ளேயே நின்றது.

"வேற எடிட்டரைப் பாத்துக்க. என் பேரை எடுத்துடு."

"உன் பேர் இல்லாம போஸ்டர் வந்தா நூறு பேர் கேப்பான்."

"கேக்கட்டும். நீ பதில் சொல்லு."

"பதில் சொல்லித்தானே எனக்குப் பழக்கம்!" அண்ணன் எழுந்தார். நாற்காலி பின்னால் உருண்டு சோபாவில் மோதியது. "உனக்கென்ன? படத்தை வெட்டின, இந்த ரூம் கதவைச் சாத்திக்கிட்ட. வெளிய நின்னவன் நான். எந்த விசேஷத்துக்குப் போனாலும் மாமா கேப்பாரு, சித்தி கேப்பா, தங்கச்சியை நீதான் கெடுத்தேன்னு. ஸ்கூல்ல அப்பா பேர் கேட்டாங்கன்னு உன் பொண்ணு என்கிட்ட வந்துதான் அழுதா. உன்கிட்ட அழப் பயம் அவளுக்கு. அந்த ஆள் சாகக் கெடந்தப்ப, ஒரு தடவை அவளை வரச் சொல்லுங்க மச்சான்னு எனக்குத்தான் போன் பண்ணான்..."

மென்று விழுங்கினார். ஆனால் பாதி வெளியே வந்துவிட்டது.

அந்த ஆள் செத்து ஏழு வருடமாகிறது. செய்தி மட்டும்தான் அவளுக்கு வந்தது, எல்லாம் முடிந்த பிறகு. போன் வந்த கதை வரவில்லை.

"நீ என்ன சொன்ன?"

"வர மாட்டான்னு சொன்னேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேட்டா நீ என்ன சொல்லியிருப்பேன்னு எனக்குத் தெரியும்."

"தெரியும்ல? அப்ப அதை எடு. போன் வந்ததையும், நீ மறைச்சதையும் எடு. அதுக்கு நானே உக்காந்து வெட்டித் தரேன். உன் மனசு உறுத்தினா நீ போய் மண்டி போடு, என்னை ஏன் போட வைக்கிற?"

அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொள்ளாமலே நின்றார். அது இல்லாமல் அவருக்கு எதிரில் இருப்பது சரியாகத் தெரியாது. வெளியே வராந்தாவில் தயாரிப்பாளர் யாரிடமோ வெளியீட்டுத் தேதியைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவள் பையைத் தோளில் போட்டாள். போகாமல் அவர் முகத்துக்கு நேராக வந்து நின்றாள்.

"நான் திரும்பிப் போயிருக்கணும்னு எத்தனை வருஷமாண்ணா நெனச்சுக்கிட்டு இருக்க?"