ஜெயித்தவள் மட்டையை முகர்ந்து பார்ப்பார்கள்

1

இந்தக் கதை என் வீட்டுக் கூரையிலிருந்து இறங்கியது. மேல்மாடியில் டேபிள் டென்னிஸ் கூடம். பதினோரு வருடம் சத்தம் கேட்டுக் கேட்டு, பந்து மட்டையில் படும்போதே அது வலையில் விழுமா என்று படுத்தபடி சொல்லிவிடுவேன். (நம்ப வேண்டாம். என் மனைவியும் நம்பவில்லை. ஆனால் என்னோடு பந்தயம் கட்டுவதை நிறுத்திவிட்டாள்.)

போன செவ்வாய்க்கிழமை காலை, அங்கே தினமும் ஆடும் ஒரு பெண்ணின் மட்டைச் சத்தம் மாறியிருந்தது.

2

தொடக்கம் ஒன்று: பத்தொன்பது வயது. கனவுகள் நிறைந்த கண்க...

வேண்டாம். அந்தக் கண்ணில் இருந்தது தூக்கக்கலக்கம்.

தொடக்கம் இரண்டு: கூடத்தில் அவளுக்கு வெட்டுக்கிளி என்று பெயர். ஒரு கிளப்புக்காகச் சம்பளத்துக்கு ஆடுகிறாள். ஞாயிற்றுக்கிழமைப் போட்டியில் ஜெயித்தால் ஒப்பந்தம் நீளும். தோற்றால் வேறு வேலை தேட வேண்டியதுதான். மட்டைக்கு ரப்பர் ஒட்டித் தருவது அவள் அண்ணன். அவனும் ஆடியவன்தான், தோள்பட்டை போகும்வரை.

மாடியேறிப் போய்ச் சொன்னேன்.

"டக்குனு இருந்த மட்டை இப்ப டங்குங்குதே, என்னம்மா சமாச்சாரம்?"

"தாத்தா, உங்களுக்கு என்ன பாம்புக் காதா?"

சிரித்துக்கொண்டே மட்டையை மூக்கருகே கொண்டுபோனாள். சிரிப்பு நின்றது.

(ரப்பருக்கு அடியில் ஒருவகை எண்ணெய் தடவினால் பந்து சீறும், சத்தம் மாறும், வாடை வரும்; புதுப் பசைக்கும் கிட்டத்தட்ட அதே வாடைதான். அது தடைசெய்யப்பட்டது. இந்தப் போட்டியில் ஆட்டம் முடிந்ததும் ஜெயித்தவர் மட்டையை மட்டும் சோதிப்பார்கள். பிடிபட்டால் இரண்டு வருடம் வெளியே. தோற்றவர் மட்டையை யாரும் சீண்டமாட்டார்கள்.)

3

அண்ணனைச் சந்தேகிக்கிறேன். எழுதுகிறவனே இப்படிச் சொல்லலாமா என்று கேட்காதீர்கள். அவனை நல்லவனாக மூன்று முறை எழுதிப் பார்த்தேன். மூன்றிலும் கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டே நின்றான்.

"அவன்கிட்டயே கேட்டுடு" என்றேன்.

"கேட்டு, தடவலைன்னு சொன்னா? 'என்னையே சந்தேகப்பட்டியா'ன்னு ஒரு பார்வை பாப்பான். அந்த மூஞ்சிய நான்தான காலம்பூரா பாக்கணும்?"

"அப்ப பழைய மட்டைய எடுத்துக்கோ."

"அது கேக்குறதைவிட மோசம் தாத்தா. வாயைத் திறக்காமலே கேட்ட மாதிரி."

[அடிக்குறிப்பு: இருவரும் உட்கார்ந்து மனம்விட்டுப் பேசும் பக்கம் ஒன்று இருந்தது. கிழித்துவிட்டேன். அவ்வளவு தெளிவாகப் பேசுகிற அண்ணன் தங்கையை நான் எங்கும் பார்த்ததில்லை.]

4

ஞாயிறு. அதே மட்டை. கடைசி செட். பத்துக்கு ஒன்பது, வெட்டுக்கிளி முன்னே.

"ஒரே பாயிண்ட்டு, குட்டி! யோசிக்காம அடி!" என்று அண்ணன் கத்துகிறான்.

யோசிக்காமல் என்று ஏன் சொன்னான்? (எல்லா அண்ணன்களும் அப்படித்தான் கத்துவார்கள். இருந்தாலும்.)

எதிராளி தடுத்த பந்து உயரமாக எழும்புகிறது. கண்ணை மூடிக்கொண்டு அடித்தாலும் முடிந்துவிடும் பந்து.

முடிவு அ: அடித்தாள். ஜெயித்தாள். சோதனை அறையின் கதவு திற...

முடிவு ஆ: வலையில் அடித்தாள். பத்துக்குப் பத்து. அதன்பிறகு தோற்பது ரொம்பச் சுலபம். மட்டை தப்பும், அண்ணன் தப்புவான், அவள் வேலை மட்டும் போகும். "விடு, பரவால்ல" என்று அவன் நெற்றியைத் துடைத்துக்கொண்டது வருத்தத்திலா, நிம்மதியி...

இரண்டையும் அடித்துவிட்டேன். எண்ணெய் உண்டா இல்லையா என்பது எனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள். தெரியாது. அண்ணன் என்னிடமும் சொல்லவில்லை.

பந்து இன்னும் மேலேதான் இருக்கிறது. இந்தாருங்கள், மட்டையை நீங்கள் பிடியுங்கள். முகர்ந்து பார்க்க நேரமில்லை.

அவன் உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறான்.