ஈரம் காயாத பலகை

நீலம் நீளமாக உரிந்து மணலில் சுருண்டு விழுகிறது, அதற்குக் கீழே வெள்ளை, அதற்கும் கீழே கறுத்து நனைந்த பலகை, பிரகாசி சுரண்டியைத் திருப்பிப் பிடித்து மறுபடி அழுத்துகிறாள், நேற்று சாயங்காலம்தான் புருஷன் அல்போன்ஸ் தன் மீன்பிடி வள்ளத்துக்கு அடித்து முடித்த பெயிண்ட், கண்ணாடி மாதிரி இருக்கு என்று கரையே நின்று பார்த்துவிட்டுப் போனது, பளபளப்புக்கு என்ன குறைச்சல், அப்பாவின் வள்ளமும் இப்படித்தான் பளபளத்தது, அன்றைக்கும் இதே மாதா திருவிழா, வள்ளங்களுக்கு இதே மந்திரிப்பு, சாமியார் தீர்த்தம் தெளிக்க வரும்போது ஒரு வள்ளமும் அழுக்காக நிற்கக் கூடாது என்பது இந்தக் கரையின் வழக்கம், அந்த வருஷம் மழை விடவே இல்லை, மேலாக்க அடிச்சிருவோம், பொறவு பாத்துக்கிடலாம் என்று அப்பா ஈரப் பலகை மேலேயே சிவப்பை இழுக்கிறார், ஓரத்தில் மஞ்சள் கோடு, சின்னப் பிரகாசி பாவாடையெல்லாம் மஞ்சள் பெயிண்டாக, பூரித்துப்போய் நிற்கிறாள், எவ்வளவு அழகு, எவ்வளவு பெரிய பொய்.

பெயிண்ட் வெளித்தண்ணீரை உள்ளே விடாது, உள்ளே நிற்கும் தண்ணீரையும் வெளியே விடாது, இது கரையில் யாருக்குத் தெரியாது, நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவி, உள்ளங்கை வைத்தால் சில்லென்று இல்லாதவரை வெயிலில் போட்டு, குங்கிலியம் சேர்த்துக் காய்ச்சிய சுறா எண்ணெயை ஊறவிட்டு, அதற்கப்புறம்தான் பெயிண்ட், எல்லாருக்கும் தெரியும், திருவிழா வந்தால் எல்லாருக்கும் மறந்துபோகும், அடுத்த ஆடிக் காற்றில் அடிப்பலகை அவல் மாதிரி உதிர்ந்தது என்று அப்பாவோடு போய் நீந்தித் தப்பி வந்தவர் சொன்னார், அப்பா வரவில்லை, கடலைத் திட்டி ஊர் அழுதது, பிரகாசிக்கு இன்றைக்கும் அதை நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது, கடல் என்ன செய்யும், உளுத்த பலகையை யார் அனுப்பி வைத்தது, ஏளா, என்ன வேல பாத்துட்டு இருக்க, அல்போன்ஸ் மணலில் கால் புதைய ஓடி வருகிறான், சாமி வார நேரத்துல என்னைய நாறடிக்கணும்னே செய்யுதியா, பொம்பள வள்ளத்துல கை வைக்கலாமா, வச்சாச்சு, இனி என்ன செய்யப் போறீங்க, அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, நீங்களும் கைய வச்சுப் பாருங்க, ஐஸ் பெட்டி கணக்கா இருக்கு, திருவிழா முடியட்டும்ளா, பொறவு பாத்துக்கிடலாம், அந்தச் சொல்லைக் கேட்டதும் அவள் கை நின்றது, எங்கப்பாவும் பொறவுன்னுதான் சொன்னாரு, இதுல ஏறிக் கடலுக்குப் போறது நீங்க, கரையில உக்காந்து பாத்துக்கிட்டு இருக்கப் போறது நான், ஒரு மட்டம் பாத்தாச்சு, இன்னொரு மட்டம் என்னால முடியாது. அவன் சுரண்டியைப் பிடுங்கக் கையை நீட்டினான், அவள் கொடுக்கவில்லை.

கொட்டுச் சத்தம் நெருங்குகிறது, பச்சையும் சிவப்புமாக வரிசை வரிசையாய் வள்ளங்கள், நடுவில் இது ஒன்று மட்டும் பாதி உரித்த கோழி மாதிரி, யாரோ சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும், அல்போன்ஸ் தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறான், குனியட்டும், குனிந்த தலை உயிரோடுதானே இருக்கிறது, வெள்ளை அங்கியில் வந்த சாமியார் வாளியில் முக்கி எடுத்த தீர்த்தக் குச்சியை உயர்த்துகிறார், பிரகாசி அவருக்கும் வள்ளத்துக்கும் நடுவில் வந்து நின்றாள், முக்காடு நழுவி, முழங்கை வரை நீலமாக, தண்ணி தெளிக்காதீங்க சாமி, மரம் இன்னும் காயல. கொட்டு அடித்தவன் கைகூட நின்றுவிட்டது, இந்தக் கரையில் தீர்த்தத்தை வேண்டாம் என்று சொன்னவர் ஒருவரும் கிடையாது, சாமியார் அவளைப் பார்க்கிறார், பலகையைப் பார்க்கிறார், பிறகு குச்சியை வாளிக்குள் போட்டுவிட்டு வெறுங்கையால் காற்றில் சிலுவை வரைந்து, சுருண்டு கிடந்த நீலத்தை மிதித்துக்கொண்டே அடுத்த வள்ளத்துக்கு நகர்ந்தார், பிரகாசி சுரண்டியோடு மறுபக்கம் போகிறாள், அந்தப் பக்கம் முழுக்க இன்னும் நீலமாகத்தான் இருக்கிறது.