கோ-கோ வரிசையில் அம்சவேணி

சத்தியவேட்டை ஆந்திராவில் சேர்த்த வருஷம், பெண்கள் பள்ளிக்கூடத்துக்குத் திருப்பதியிலிருந்து யதுகிரி என்று ஒரு டிரில் டீச்சர் வந்தார். ஊருக்கெல்லாம் எல்லை மாறிப்போன கவலை. சுந்தரம்மாவுக்கு அதை நினைக்க ஏது நேரம்? அவள் கவலை முழுக்க மகள் அம்சவேணியின் வலிப்பு. சொல்லாமல் கொள்ளாமல் வரும். விழுந்து உதறுவாள், பாவாடை நனைந்துவிடும். விழுவதைக்கூடத் தாங்கிக்கொள்வாள் தாய். அதை நாலு பேர் பார்ப்பதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. பார்த்தவர்கள் வாய் சும்மா இருக்குமா? இவளை எவன் கட்டுவான் என்று ஆரம்பித்துவிடுவார்கள்.

அதனால் விளையாட்டு நேரம் முழுக்க அம்சவேணிக்கு வேப்பமரத்தடிதான். யதுகிரி வந்ததும் வராததுமாக அவளை எழுப்பி விளையாட விட்டார். சுந்தரம்மா சண்டைக்கே போய்விட்டாள்.

"ஓடுனா வலிப்பு வந்துடும் டீச்சர்."

"வேலூர் டாக்டரைக் கேட்டேன்மா. மாத்திரையை விடாம சாப்பிட்டுண்டு நன்னா விளையாடட்டும்னார். கிணத்துக்கிட்ட, அடுப்புக்கிட்ட மட்டும் தனியா விடாதீங்கோ. எப்பவும் உக்காத்தியே வெச்சா உடம்பும் கெடும், மனசும் கெடும்."

"ஆடட்டும். ஆனா ஒரு நாள் இங்க வுழுந்தான்னா, அன்னியோட படிப்பு முடிஞ்சிது. இட்டுக்கினு போயிடுவேன்."

கோ-கோவில் உட்கார்ந்திருப்பவளை முதுகில் தொட்டு எழுப்ப வேண்டும். நோய் ஒட்டிக்கொள்ளும் என்று அம்சவேணியை எவளும் தொடவில்லை. யதுகிரி யாரையும் திட்டவில்லை. பிள்ளைகளை உட்கார வைத்து, இது ஒட்டுகிற நோயில்லை, வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள் என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். முதலில் சுலோசனா என்ற பெண் தொட்டாள். பிறகு எல்லோரும் தொட்டார்கள்.

புல் அறுக்க வந்தவள்போல் சுந்தரம்மா தினமும் வேலியோரம் நின்றாள். மகள் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு ஓடுவதைப் பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனாலும் விழுந்தால் ஓடிப்போய்த் தூக்கக் காத்திருந்தாள்.

தீபாவளி கழிந்து ஒரு சாயங்காலம், ஓடிக்கொண்டிருந்த அம்சவேணி விழுந்தாள்.

சுந்தரம்மா வேலியைத் தாண்டி ஓடினாள். முந்தானையில் மூடித் தூக்கிக்கொண்டு போய்விட வேண்டும், அவ்வளவுதான். பக்கத்துப் பள்ளிப் பையன்கள் அதற்குள் மதில்மேல் ஏறிவிட்டார்கள். ஆனால் அவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. யதுகிரி அம்சவேணியை ஒருக்களித்துப் படுக்க வைத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, பெண்கள் கைகோத்துச் சுற்றி நின்றுகொண்டிருந்தார்கள். எல்லோர் முகமும் வெளியே பார்த்திருந்தது. ஒருத்திகூட உள்ளே திரும்பவில்லை.

வழி விடச் சொல்லி முட்டினாள் தாய். சுலோசனா கையை விடவில்லை.

"திரும்பி நில்லு அத்த. நான் வுழுந்தா யாரும் பாக்கக் கூடாதுன்னு அம்சா சொல்லி வெச்சிருக்கா."

"நான் பெத்தவடி!"

சுலோசனா தயங்கினாள். "உன்னத்தான் அத்த மொதல்ல சொன்னா."

சுந்தரம்மா முட்டுவதை நிறுத்தினாள். இத்தனை வருஷமும் ஊர்க்கண்ணுக்குத்தான் பயந்தாள். மகள் பயந்தது இவள் கண்ணுக்கு. அழுதுகொண்டே திரும்பினாள். சுலோசனாவின் கையைப் பிடித்துக்கொண்டு அந்த வட்டத்தில் நின்றாள்.

கொஞ்ச நேரத்துக்குப் பிறகு முதுகுக்குப் பின்னால் மகளின் குழறிய குரல் கேட்டது.

"எம்மா... படிப்ப நிறுத்திடுவியா?"

"நிறுத்தமாட்டேன்" என்றாள் சுந்தரம்மா, மதிலைப் பார்த்தபடியே. "நான் இப்ப திரும்பலாமா, அம்சா?"