பின்சீட்டின் எடை

மருமகள் காருக்கு அடியில் மல்லாந்து கிடந்தாள். வெளியே தெரிந்தது அவளுடைய கால்கள் மட்டும்தான். பக்கத்தில் குத்துக்காலிட்டு டார்ச் பிடித்துக்கொண்டிருந்த மாமனார், அவள் பார்க்கிற இடத்தைத் தவிர மற்ற எல்லா இடத்துக்கும் தாராளமாக வெளிச்சம் காட்டினார்.

“மாமா, என் மூக்குல ரிப்பேர் இல்ல.”

“இரும்மா, வரேன்.”

மாமியாருக்கு முதுகில் ஆபரேஷன் ஆகியிருந்தது. மறுநாள் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். துணைக்கு மகன் ஆஸ்பத்திரியிலேயே இருந்தான். வண்டிக்கோ, சின்னப் பள்ளத்தில் இறங்கினாலே பின்னால் ‘டொக்’கென்று இடிக்கிற வியாதி. பின்சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கைகளை வண்டியோடு சேர்க்கும் ரப்பர் புஷ் இரண்டும் தேய்ந்து கிழிந்திருந்தன. ஆஸ்பத்திரிக்குப் போன வழியெல்லாம் ஒவ்வொரு டொக்குக்கும் மனைவி பல்லைக் கடித்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர் மாமனார். அன்று முதல் அவருக்குத் தூக்கம் சரியில்லை. அச்சகத்தில் மெஷின்களைப் பராமரிக்கும் மருமகள், புது புஷ் வாங்கிவந்து தானே இறங்கிவிட்டாள்.

மாமனார் குழாய் வேலை பார்த்து ஓய்ந்தவர். கசிவு என்றால் அவருக்கு ஆகவே ஆகாது. அவர் மூடிய குழாயைத் திறக்க இரண்டு கையும் வேண்டும். அந்தப் பழக்கம் அடுப்படி டப்பாக்கள் வரைக்கும் போய்விட்டது. “இங்க வாங்க, உங்க கைவரிசையைக் கழட்டிட்டுப் போங்க” என்று மாமியார் குரல் கொடுப்பாள். அவரும் பரிசு வாங்கப் போகிறவர்போல எழுந்து போவார். கொஞ்ச நாளாகக் கூப்பிட ஆளில்லை. மருமகள் இடுக்கியை வைத்துச் சமாளித்துக்கொண்டிருந்தாள்.

பழைய புஷ் லேசில் வரவில்லை. மாமனாரின் கருவிப் பையிலிருந்து ஒரு துண்டுக் குழாயை எடுத்து முட்டுக் கொடுத்து, நீள போல்ட்டால் இழுத்த பிறகுதான் வழிக்கு வந்தது. சோப்புத் தண்ணீர் தடவிப் புதியவற்றை உள்ளே ஏற்றினார்கள். போல்ட்டுகளை விரலால் மட்டும் மாட்டியிருந்தபோது கணவனின் போன் வந்தது. அவள் எழுந்து உள்ளே போனாள்.

திரும்பி வந்தால், வெளியே மாமனாரின் கால்கள் தெரிந்தன.

“முடிச்சாச்சும்மா. ஒரு சொட்டு கசியாது!”

அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். “ஐயோ மாமா, இது குழாய் இல்ல. சக்கரம் தொங்கும்போது இறுக்கிட்டா, கீழ இறக்கினதும் ரப்பர் முறுக்கிக்கிட்டே நிக்கும். வண்டி விறைப்பா ஓடும். எடை ஏறினப்புறம்தான் இறுக்கணும்.”

அவர் முகம் சுருங்கிப்போயிற்று. “அப்போ நாளைக்கும் அவளுக்கு வலிக்குமா?”

அவளுக்கு வந்த கோபம் வந்த வழியே போய்விட்டது. “கழட்டிடலாம் மாமா. ஆனா நீங்கதான் கழட்டணும். உங்க முறுக்கு என்னால ஆகாது.”

தன் கைவேலையோடு தானே மல்லுக்கட்டி, வியர்த்து விறுவிறுத்துக் கழற்றினார். ஜாக்கியைத் தளர்த்தி, தடித்த பலகைகளின்மேல் சக்கரங்களை இறக்கினார்கள்.

“அத்தை எந்தப் பக்கம் உக்காருவாங்க?”

“இடது பக்கம். ஜன்னலை இறக்கிவிட்டுக்குவா.”

“அங்க போய் உக்காருங்க. அந்த எடையிலயே இறுக்கிடறேன்.”

உட்கார்ந்தவர் மறுபடியும் இறங்கி வந்தார். இரும்புச் சாமான் நிறைந்த தன் பையை எடுத்துப் போய் மடியில் வைத்துக்கொண்டார். “அவ என்னைவிடக் கொஞ்சம் கனம். நான் சொன்னேன்னு சொல்லிடாத.”

அளவு வந்ததும் ‘க்ளிக்’கென்று சொல்லும் ஸ்பானரால் அவள் இறுக்கினாள்.

“இன்னும் ஒரு சுத்து விடேம்மா.”

“போதும் மாமா. இதுக்கு மேல முறுக்கினா கெட்டுப்போயிடும்.”



தெருமுனை வேகத்தடையில் ஏறி இறங்கினார்கள். சத்தமே இல்லை. பின்சீட்டில் அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். “இன்னொரு தடவை போம்மா” என்றார். போனாள். மூன்றாவது முறையும் கேட்டார். அவளுக்கு அந்த மனிதர்மேல் அப்படி ஒரு பிரியம் பொங்கிவந்தது.

“டாக்டர் சொன்னாராம் மாமா. கொஞ்ச நாளைக்கு அத்தை எதையும் முறுக்கித் திறக்கக் கூடாதாம்.”

“ம்.”

குளித்துவிட்டு டீ போடப் போனவள், பழக்க தோஷத்தில் முழு பலத்தோடு சர்க்கரை டப்பாவைத் திருகினாள். மூடி கையோடு வந்து, மேடை முழுக்கச் சர்க்கரை கொட்டியது. பக்கத்து டப்பாவைத் தொட்டுப் பார்த்தாள். அதற்கடுத்ததையும் பார்த்தாள். எல்லா மூடிகளும் பட்டும் படாமல் உட்கார்ந்திருந்தன.

தொட்டிக்கு மேலே, அந்த வீட்டில் முதல்முறையாக, குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.