நாளுக்கு ஐம்பது கிராம்

எங்கள் ஊரில் படிக்கப்படாத புத்தகம் நாளுக்கு ஐம்பது கிராம் எடை கூடும். படிக்கப் படிக்கக் குறையும். முடித்ததும் அச்சகத்திலிருந்து வந்த எடைக்குத் திரும்பிவிடும். படித்தவருக்கு மிகவும் பிடித்துப்போனால் அதற்கும் கீழே இறங்கும். அதனால் எங்கள் ஊரில் யாரும் யாரையும் "படிச்சீங்களா?" என்று கேட்பதில்லை. வீட்டுக்கு வந்தவர்கள் அலமாரியிலிருந்து புத்தகத்தை ஒருமுறை தூக்கிப் பார்த்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள்.

என் பெயர் எஸ்தர். ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியர். நாற்பத்தாறாவது வயதில் ஒரு நாவல் எழுதினேன். பெயர் 'எட்டுப் போட்டவள்'. லைசென்ஸ் வாங்குவதற்குத் தரையில் வரைந்த எட்டின் மேல் மொபெட் ஓட்டிக் காட்ட வேண்டும் அல்லவா, அந்தத் தேர்வில் பதினோரு தடவை காலை ஊன்றிவிட்ட ஒருத்தி, பன்னிரண்டாவது தடவை எட்டைப் போட்டு முடித்து, வண்டியை நிறுத்தாமல் அப்படியே தனுஷ்கோடி வரைக்கும் போய்விடுகிறாள். அதுதான் கதை.

நான்கு பதிப்பகங்களுக்கு அனுப்பினேன். மூன்றிலிருந்து பதில் இல்லை. நான்காவது பதிப்பகத்தார் மரியாதையாக எழுதியிருந்தார். எங்கள் கிடங்கில் ஏற்கெனவே இரண்டு தூண்கள் உள்வாங்கிவிட்டன, தங்கள் நாவலையும் ஏற்கிற நிலையில் கட்டடம் இல்லை, வாழ்த்துகள்.

சரி, நாமே போட்டுக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன். கம்ப்யூட்டர் சென்டரில் கொடுத்துத் தட்டச்சு செய்து வாங்கினேன். மூன்று தடவை பிழை பார்த்தேன். அப்படியும் நாற்பதாம் பக்கத்தில் 'பிரேக்' என்பது 'பிரேதம்' என்று ஆகியிருந்தது. படித்துப் பார்த்தபோது அந்த இடத்துக்கு அதுவும் பொருந்தியதால் விட்டுவிட்டேன். அட்டைக்குச் சுண்ணாம்புப் பொடியில் தரையில் எட்டு போட்டு, மொட்டை மாடியிலிருந்து போனில் படம் எடுத்துக்கொண்டேன். முந்நூறு பிரதிகள் அடித்தேன். ஆனி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை வந்து இறங்கின. ஒவ்வொன்றும் இருநூற்றைம்பது கிராம்.

முதல் பிரதியை என் கணவர் செல்வநாயகத்திடம் கொடுத்தேன். அவர் டிரைவிங் ஸ்கூலில் பயிற்சியாளர். புத்தகத்தின் முதல் பக்கத்தில், "காலை ஊனாதே, காலை ஊனாதே என்று சொல்லிக்கொண்டே இருந்தவருக்கு" என்று போட்டிருந்தேன். மறுநாள் காலையில் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சொன்னார்.

"படிச்சிட்டேன் எஸ்தர். நல்லாருக்கு."

அவர் போனதும் தூக்கிப் பார்த்தேன். முந்நூறு கிராம். அவர் புத்தகத்தை ஃபிரிட்ஜுக்கு மேலே வைத்திருந்தார். ஆடி பிறப்பதற்குள் ஃபிரிட்ஜின் கதவு சரியாக மூடாமல் போனது. அவர் அதைத் தோளால் தள்ளி மூடப் பழகிக்கொண்டார்.

வெளியீட்டு விழா வைத்தேன். எங்கள் ஊரில் முதல் பிரதியைப் பெற்றுக்கொள்ளப் பளுதூக்கும் வீரர்களைத்தான் அழைப்பார்கள். விழா தள்ளிப்போனாலும் சமாளிக்கலாம் என்பதற்காக. எங்கள் வீரர் மாவட்ட அளவில் வெள்ளிப் பதக்கம் வாங்கியவர். அருமையாகப் பெற்றுக்கொண்டார். சொந்தக்காரர்கள் நாற்பது பேர் ஆளுக்கொரு பிரதி வாங்கிப்போனார்கள். ஒரு மாதத்தில் முப்பத்தைந்து திரும்பி வந்தன. என் பெரியம்மா மகன் ஆட்டோ வைத்துக் கொண்டுவந்து கொடுத்தான்.

"டிவி ஸ்டாண்டு வளைஞ்சுபோச்சுக்கா," என்றான். "கதை ரொம்ப ஆழம்."

வாட்ஸ்அப் குழுக்களில் அட்டைப்படத்தைப் போட்டேன். இருநூற்றுப் பதினேழு கட்டைவிரல்களும் நாற்பத்தொரு கைகூப்பல்களும் வந்தன. எடையில் மாற்றம் இல்லை.

நாங்கள் மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். வீட்டுக்காரர் சௌந்தரபாண்டியன் கீழே இருக்கிறார். பொதுப்பணித்துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். ஆவணி கடைசியில் மேலே வந்தார். கையில் ஒரு அளவு டேப் இருந்தது.

"ம்மா, எங்க ஹால் ஃபேன் முன்னாடி தலைக்கு மேல சுத்துச்சு. இப்ப தலைக்கு நேரா சுத்துது."

"எவ்வளவு இறங்கியிருக்கு சார்?"

"ஒன்றரை அடி. குனிஞ்சுதான் போறோம், அது ஒண்ணும் பெருசில்ல. வீட்டம்மா முதுகுக்கு நல்லதுன்னு சொல்றா. ஆனா ஐப்பசி மழைக்கு முன்னாடி ஒரு வழி பண்ணிடுங்க. மழையில சீலிங் ஊறிட்டா, உங்க நாவல் மொத்தமா எங்க வீட்டுக்கு வந்துரும்."

போகும்போது ஒரு பிரதி கேட்டு வாங்கிக்கொண்டார். "என் பங்குக்கு ஒண்ணக் குறைக்கிறேன்," என்றார். நேர்மையானவர். பத்துப் பக்கம் படித்துவிட்டுத் தூங்கிவிட்டதாக மறுநாள் அவரே சொன்னார்.

அந்த வாரமே பழைய பேப்பர் கடை அய்யாத்துரை மூன்று சக்கர சைக்கிளோடு வாசலில் வந்து நின்றார். எங்கள் ஊரில் பழைய பேப்பர் கடைக்காரர்களைப் போல இலக்கியத்தில் ஆர்வம் உள்ளவர்கள் இல்லை. எந்த ஆசிரியர் புதிதாக எழுதுகிறார், எதை யாரும் தொடவில்லை என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. மேலே வந்து ஒரு பிரதியைத் தூக்கிப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"நல்ல நாவல்க்கா. இப்பவே எடுத்துக்கவா, இல்ல தீவாளி வரைக்கும் விடுறீங்களா? இன்னும் ஏறும்."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவர் போன பிறகு படிக்கட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அழவில்லை. ஆனால் என் கதாநாயகியை நினைத்தேன். பதினோரு தடவை காலை ஊன்றியவள் அவள். நான் ஒரு தடவைதான் ஊன்றியிருக்கிறேன்.

புதன்கிழமை எங்கள் நிலையத்தில் தடுப்பூசி நாள். குழந்தைகளை எடை பார்க்கும் கருவி சரியாகக் காட்டுகிறதா என்று முதலில் சோதிக்க வேண்டும். அதற்கு எடை நிச்சயமாகத் தெரிந்த ஒரு பொருள் வேண்டும். ஒரு பிரதியை எடுத்துப் போயிருந்தேன். புத்தகங்கள் வந்து அன்றோடு எண்பத்தைந்து நாள். நாலரைக் கிலோ இருக்க வேண்டும். கருவியில் வைத்தேன். நாலரைக் கிலோ. கருவி சரி.

காளீஸ்வரி என்ற பெண் மூன்றரை மாதக் குழந்தையோடு வந்திருந்தாள். குழந்தையை வைப்பதற்காகப் புத்தகத்தை அவள்தான் எடுத்தாள். ஊசி போட்ட பிறகு அரைமணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது விதி. குழந்தை அழுது அடங்கித் தூங்கிவிட்டது. அவள் மடியில் ஒரு பக்கம் குழந்தை, இன்னொரு பக்கம் புத்தகம். பிரித்தாள்.

கொஞ்ச நேரத்தில் பெஞ்சிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. பக்கத்தில் இருந்தவள் என்னவென்று கேட்டாள்.

"இந்தப் பொம்பள ஆறாவது தடவையும் கால ஊனிருச்சு. ஆபீசர் கேக்குறாரு. அதுக்கு இது சொல்லுது, 'நான் ஊனல சார், பூமிதான் கொஞ்சம் மேல வந்துச்சு'ன்னு."

பெஞ்சு முழுக்கச் சிரித்தது. இரண்டு குழந்தைகள் விழித்துக்கொண்டன. அரைமணி நேரம் முடிந்ததும் காளீஸ்வரி புத்தகத்தை என்னிடம் நீட்டினாள். வாங்கிக் கருவியில் வைத்துப் பார்த்தேன். மூன்று கிலோ எண்ணூறு. இத்தனை வருடத்தில் எத்தனையோ குழந்தைகள் எடை கூடியதற்காகச் சந்தோஷப்பட்டிருக்கிறேன். எடை குறைந்ததற்காகச் சந்தோஷப்பட்டது அன்றுதான்.

"மீதிக் கதை என்னாகுது சிஸ்டர்? எட்டப் போட்டுருமா?"

"கொண்டுபோய்ப் படிச்சுப் பாரு."

அடுத்த புதன்கிழமை ஊசி எதுவும் இல்லாமலே வந்தாள். புத்தகத்தைக் குழந்தையின் அரைஞாண் கயிற்றில் ஒரு நூலால் கட்டியிருந்தாள். அது எடையே இல்லாமல் குழந்தையின் தலைக்கு மேலே மிதந்தபடி மெதுவாக ஆடிக்கொண்டிருந்தது. குழந்தை அதையே பார்த்துக்கொண்டிருந்தது.

"சும்மா உங்ககிட்ட காட்டலாம்னுதான் கொண்டாந்தேன். இது எங்க வீட்டுலயே இருக்கட்டும். மாமியாருக்கு ஒண்ணு வேணும், நாத்தனாருக்கு ஒண்ணு வேணும்."

அன்றுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. இத்தனை நாள் நான் அவசரமாகப் போகிறவர்களிடம் கொடுத்துக்கொண்டிருந்தேன். கொடுக்க வேண்டியது காத்திருப்பவர்களிடம். அதிலும் என் கதைக்கென்றே காத்திருப்பவர்கள் ஓர் இடத்தில் இருக்கிறார்கள்.

செவ்வாய்க்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு லைசென்ஸ் தேர்வு நடக்கும் மைதானத்துக்குப் போனேன். முதல் அத்தியாயத்தை மட்டும் நோட்டீஸாக அடித்திருந்தேன். புத்தகங்களை ஷேர் ஆட்டோவில் ஏற்றியிருந்தேன். ஆட்டோக்காரர் பயணிகள் யாரையும் ஏற்றவில்லை, டயர் தாங்காது என்றார். வேப்பமரத்தடியில் அறுபது எழுபது பேர் வரிசையில் நின்றார்கள். என் கணவரும் தன் மாணவர்கள் எட்டுப் பேரோடு நின்றார். என்னைப் பார்த்தார். தலையசைத்துவிட்டு ஒரு வண்டியின் காற்றைச் சரிபார்க்கக் குனிந்துகொண்டார்.

நோட்டீஸ் கை மாறிக் கை மாறிப் போனது. வரிசையின் முன்பக்கம் சிரித்ததைப் பின்பக்கம் ஐந்து நிமிடம் கழித்துச் சிரித்தது. ஒரு மீன் வியாபாரி சிரித்துக்கொண்டே வண்டியை எடுத்துக் காலை ஊன்றாமல் எட்டைப் போட்டுவிட்டார். அதன் பிறகு படித்துவிட்டுப் போட்டால் கால் ஊன்றாது என்று பேச்சாகிவிட்டது. மதியத்துக்குள் கொண்டுபோன ஐம்பது பிரதிகளும் தீர்ந்தன.

என் கணவருடைய மாணவி ஒருத்தி அவரிடம் போய்க் கேட்டாள்.

"மாஸ்டர், இந்தக் கதையில வர்ற அந்தம்மாவோட புருஷன் நீங்கதானே?"

நாலைந்து பேர் அவரைப் பார்த்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போய்விட்டு வந்து, காலை உணவு முடிந்ததும், ஃபிரிட்ஜின் மேலிருந்த புத்தகத்தை இரண்டு கைகளாலும் இறக்கினார். சாப்பாட்டு மேசையில் வைத்தபோது மேசை ஒரு சத்தம் போட்டது.

"அன்னைக்கு நீ கால ஊனினப்ப எல்லார் முன்னாடியும் நான் சிரிச்சேன்ல," என்றார். "அத எழுதியிருக்கியா?"

"எழுதியிருக்கேன்."

"எத்தனாவது பக்கம்?"

"எழுபத்திரண்டு."

இருபது வருடத்துக்கு முந்தைய சிரிப்பு அது. அதற்குப் பிறகு நான் வண்டியைத் தொடவில்லை. அவரும் கேட்கவில்லை. நான் எழுதிக்கொண்டிருந்த இரண்டு வருடமும் அவருக்கு அந்த ஒரு பக்கத்தின் மேல்தான் பயம் இருந்திருக்கிறது.

முதல் பக்கத்திலிருந்து தொடங்கினார். நான் மீன் கழுவினேன், குழம்பு வைத்தேன். எழுபத்திரண்டாம் பக்கம் எப்போது வந்தது என்று எனக்குத் தெரிந்தது. மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு ஒரு பக்கம் திரும்பியது. நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் அந்தப் பெண் டிராபிக் போலீஸுக்கே வழி சொல்லி அனுப்புகிற இடத்தில் அவர் சத்தமாகச் சிரித்தார். சாப்பிட வரச் சொன்னேன். "இரு, இவ இப்பத்தான் ராமநாதபுரம் தாண்டுறா," என்றார்.

நாலு மணிக்குப் புத்தகம் அவர் மடியை விட்டு ஒரு சாண் எழும்பியது. அவர் அதன் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு கடைசிப் பக்கத்தைப் படித்து முடித்தார்.

"கடைசியில அந்த ஆளு அவ கிளம்புறதுக்கு முன்னாடி வண்டியத் தொடச்சுக் குடுக்கிறானே. நான் அப்படிச் செய்யலையே."

"இல்ல."

"அப்புறம் ஏன் எழுதின?"

"செய்யக்கூடிய ஆளுதான்னு தோணுச்சு."

அவர் எழுந்தார். புத்தகத்தை ஜன்னல் கம்பியில் கட்டினார். பழைய பனியன் ஒன்றை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிப் போனார். மாடியிலிருந்து பார்த்தேன். நான் தொடாமல் விட்டிருந்த பழைய மொபெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். சக்கரத்தின் கம்பிகளைக்கூட ஒவ்வொன்றாகத் துடைத்தார்.

அடுத்து வந்த மாதங்களில் எனக்கு நிறைய போன் வந்தது. "சிஸ்டர், புத்தகம் சீலிங்ல போயி ஒட்டிக்கிருச்சு, எங்க அத்தை இன்னும் படிக்கல, எப்படி எறக்குறது?" என்று கேட்டார்கள். படிக்காத வேறு ஒரு புத்தகத்தோடு சேர்த்துக் கட்டினால் இறங்கிவிடும் என்று சொல்லிக்கொடுத்தேன். அதற்காகவே சிலர் மற்ற ஆசிரியர்களின் நூல்களையும் வாங்கினார்கள். அய்யாத்துரை ஒரு நாள் சைக்கிளில் வந்து பார்த்துவிட்டு, "நல்லாக் கெடுத்துட்டீங்கக்கா," என்று சொல்லித் தானும் ஒன்று வாங்கிப்போனார்.

வீட்டுக்காரர் ஹாலில் ஃபேன் பழைய உயரத்துக்கும் மேலே போய்விட்டது. "ஊஞ்சல் போடலாம்னு இருக்கேன்மா," என்றார். இந்தத் தடவை நாவலை முழுதாகப் படித்திருந்தார். அவர் செருப்பு போட்டுக்கொள்ளும்போது புத்தகத்தை நான் பிடித்துக்கொண்டிருந்தேன்.

கார்த்திகையில் ஒரு செவ்வாய்க்கிழமை நான் மைதானத்தில் வரிசையில் நின்றேன். என் முறை வந்தபோது என் கணவர் மரத்தடியில் வாயைக் கையால் பொத்திக்கொண்டு நின்றார். நான் எட்டைப் போட்டேன். காலை ஊன்றவில்லை. கைதட்டினார்கள். அவர் எல்லோரையும்விடச் சத்தமாகக் கைதட்டினார்.

மறுநாள் சாயங்காலம் பார்சல் சர்வீஸிலிருந்து இரண்டு அட்டைப்பெட்டிகள் வந்தன. பிரித்தேன். என்னுடைய இரண்டாவது நாவல். ஐந்நூறு பிரதிகள். அட்டை நன்றாக அமைந்திருந்தது, பெயரும் எனக்குப் பிடித்திருந்தது. முதல் இரண்டு அத்தியாயங்களைப் படித்துப் பார்த்தேன். பிழைகள் எதுவும் இல்லை. கதை போகிற போக்கும் சரியாகவே இருந்தது. மூன்றாவது அத்தியாயத்தில் என்ன ஆகிறது என்று பார்க்காமல் புத்தகத்தை மூடினேன். ஒரு டீ போட்டு எடுத்துவந்து, புது நோட்டைப் பிரித்து, நான் இன்னும் ஒரு வரிகூட எழுதியிராத அந்த நாவலை எழுத ஆரம்பித்தேன்.