முரட்டு முடிச்சு

என் வீட்டுக்காரர் அர்த்தநாரி பணத்தோடு நாலு வரிக் கடுதாசியும் வைத்து, துணியில் சுற்றி, நூலால் கட்டி அனுப்புவார். ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் வண்டி வேலைக்கு மத்தியப் பிரதேசம் போகும்வரை ராசிபுரத்தில் பட்டுத்தறி ஓட்டிய கை. அறுந்த இழையைப் பிணைக்கிற சின்ன முடிச்சைத்தான் போடும். எனக்கும் தறிதான் பிழைப்பு. கண்ணை மூடித் தடவினாலும் அந்த முடிச்சு எனக்குத் தெரியும்.

அந்த ரிக்குக்குக் குழாய் ஏற்றிப் போய்வரும் லாரி டிரைவர் சென்னியப்பன் பொட்டலத்தைக் கொண்டுவந்து பஸ் ஸ்டாண்டில் கரீம் பாஷாவின் சைக்கிள் கடையில் கொடுப்பார். நான் போய் வாங்கிக்கொள்வேன்.

எண்பத்து நாலு பங்குனியில் முடிச்சு மாறியிருந்தது. சாக்கு மூட்டைக்குப் போடுகிற முரட்டு முடிச்சு. பணம் சரியாக இருந்தது, கடுதாசிதான் இல்லை. சித்திரையிலும் அப்படியே. ஆடிக்கு வருகிறேன் என்ற மனிதரிடமிருந்து ஒரு சேதியும் இல்லையே! நடுவில் எவனோ பிரிக்கிறான் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். நேரே கடைக்குப் போனேன்.

“ஏனுங்க பாய், அடுத்த ஊட்டுக் கடுதாசியப் பிரிச்சு எடுக்கறீங்களே, வெக்கமா இல்லீங்களா?”

பஸ்ஸுக்கு நின்ற சனமெல்லாம் திரும்பிப் பார்த்தது. பாய் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்த டியூபைக் கீழே வைத்தார்.

“நான் பிரிக்கலம்மா,” என்றார். என் முகத்தைப் பார்க்காமல் டியூபைத் திரும்பக் கையில் எடுத்தார். மாட்டிக்கொண்டான் திருடன் என்று இன்னும் நாலு வார்த்தை கூடவே திட்டினேன். பாவி நான்!

வைகாசியில் சென்னியப்பன் வருகிற அன்று, பொட்டலம் பாய் கைக்குப் போகும் முன் வாங்கிவிடக் கடையிலேயே காத்திருந்தேன். அவர் கொடுத்த பொட்டலத்தைப் பிரித்தேன். அன்றும் கடுதாசி இல்லை. துணியைச் சுற்றி, “கட்டிக் குடுங்கண்ணா,” என்று அவரிடமே நீட்டினேன். யோசிக்காமல் கட்டினார். அதே முரட்டு முடிச்சு.

“நீங்கதானா? ஏன் பிரிச்சீங்க? கடுதாசி எங்கீங்க?”

“பிரிக்கலீங்க அம்மிணி. கட்டுனதே நானுங்க. மாசிக் கடைசில ரிக் குழாய் சரிஞ்சு அர்த்தநாரி மேல உழுந்துருச்சு. அங்கயே எரிச்சுட்டோமுங்க. உங்க மூஞ்சியப் பாத்துச் சொல்ல எனக்குத் தைரியம் வரலீங்க.”

“அப்ப இந்தப் பணம்?”

“பாதி நான் போட்டதுங்க. பாதி பாய் போட்டது.”

மூன்று மாதமாக நான் பொட்டும் பூவும் வைத்துக்கொண்டுதான் இந்தக் கடைக்கு வந்தேன். பாய் என் நெற்றியைப் பார்க்காமலே பொட்டலத்தை நீட்டியது இப்போதுதான் விளங்கியது. அத்தனை சனத்துக்கு முன்னால் நான் அவரைத் திட்டியபோதும், உண்மையைச் சொல்லித் தப்பித்துக்கொள்ள அவருக்கு மனம் வரவில்லை.

“பாய்...” என்றேன்.

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டார். “உக்காரும்மா.”

உட்கார்ந்த பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.