பதிவாளரின் பூட்டு

முட்டுக்காட்டைத் தாண்டி, சவுக்குத் தோப்பை அழித்துக் கட்டிய தனியார் பல்கலைக்கழகம் அது. 2004-இல் அங்கே எல்லாப் பிரிவுகளுக்குமாக ஒரு பொதுக் கணினி வந்தது. அதற்குப் பொறுப்பு ஷாரோன். ஒரு மாணவனின் பெயர் சேர்க்கைப் பிரிவில் இருக்கும், மதிப்பெண் தேர்வுப் பிரிவில், வீட்டு போன் எண் பஸ் பாஸ் கொடுக்கிற இடத்தில். பதிவு எண் என்ற ஒரே நூலில் மூன்றையும் கோத்துவிட்டால் கேட்ட பட்டியல் நொடியில் வந்து விழும். அந்த அழகுக்காகவே அவள் அந்த வேலையில் இருந்தாள்.

பதிவாளர் தாமோதரன் ஏதோ கருத்தரங்குக்குப் போய், தகவல்தான் நிறுவனத்தின் சொத்து என்று கேட்டுவிட்டு வந்தார். சொத்து என்றால் அவருக்குத் தெரிந்தது பீரோதான். கணினிக்குச் சந்தனம், குங்குமம் வைத்தார். அதற்குள் பிரிவுக்கு ஒரு கடவுச்சொல் பூட்டும் தனக்கென்று ஒன்றும் போடச் சொன்னார். ஒருவர் தகவலை இன்னொருவர் பார்க்க அவர் கையெழுத்து வேண்டும். கோத்த நூலை அவளே அறுக்க வேண்டியதாயிற்று.

மார்ச்சில் ஒரு கம்பெனி ஆள் எடுக்க வந்து கெஸ்ட் ஹவுசில் உட்கார்ந்தது. அரியர் இல்லாதவர்கள் பட்டியல் மதியத்துக்குள் வேண்டும், இல்லாவிட்டால் கிளம்பிவிடுவோம் என்றார்கள். ஷாரோனின் தம்பி ஜோயல் வகுப்புக்கு அந்த வருடம் வந்த ஒரே கம்பெனி அது.

தேர்வுப் பிரிவு சீனு கையை விரித்தான். "என்கிட்ட நம்பர்தான் கீது மேடம். பேர் அட்மிஷன்ல கீது."

சேர்க்கைப் பிரிவில் பதிவாளர் கையெழுத்து கேட்டார்கள். பதிவாளரோ, "வெளியாளுக்கு நம்ம சொத்தத் தூக்கிக் குடுக்கறதா? யோசிச்சு சொல்றேன்" என்று சாப்பிடப் போய்விட்டார்.

ஷாரோன் நேராகக் கேன்டீனுக்குப் போனாள்.

"டேய் ஜோயலு, மார்க் ஷீட் ஜெராக்ஸ் வெச்சினுகீறியா?"

"பேக்ல கீது. இன்னாத்துக்குக்கா?"

"அரியர் இல்லாதவங்க அல்லாரையும் இட்டுகினு கெஸ்ட் ஹவுசுக்குப் போ. கைல ஜெராக்ஸோட."

"ரிஜிஸ்டிராரு?"

"அவுரு சொத்தக் காவ காத்துகினு கீறாரு. நீ நட."

பாதி வகுப்புக்கு வேலை கிடைத்தது, ஜோயலுக்கும்.

மாலையில் தாமோதரன் கொதிப்போடு சுற்றறிக்கை சொல்ல, ஷாரோன் தட்டினாள்: மாணவர்கள் தம் மதிப்பெண்ணை வெளியாருக்குக் காட்டப் பதிவாளரின் முன் அனுமதி பெற வேண்டும்.

"நோட்டீஸ் போர்டுல ஒட்டட்டுமா சார்?"

"இன்னாம்மா நீ. இது நம்ம உள் விவகாரம். என் பூட்டுக்குள்ள வை. பசங்க கண்ணுல படவே கூடாது."

ஷாரோன் பத்திரமாகப் பூட்டினாள். அந்தப் பூட்டு ஒழுங்காகப் பயன்பட்டது அந்த ஒருமுறைதான்.